விலாவில் தெரிந்த இரண்டு புள்ளிகள்

வலது கக்கத்தில் ஊசி குத்தி எடுத்த அன்று, மத்தியானத்துக்கு மேல் பூங்குழலி கம்பெனிக்குப் போய் அரை ஷிப்ட் தைத்தாள். விடியற்காலை பஸ் பிடித்துக் கோயமுத்தூர் போய், எட்டு மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் வரிசையில் உட்கார்ந்து, பதினோரு மணிக்கு உள்ளே போய், பத்து நிமிஷத்தில் வேலை முடிந்து, ஒன்றரைக்கு நல்லூரில் இறங்கிவிட்டாள். வீட்டுக்குப் போகிற சந்து இடது பக்கம் இருந்தது. கால் கம்பெனிப் பக்கம் திரும்பியது. அவ்வளவுதான்; யோசித்து எடுத்த முடிவு இல்லை.

பக்கத்து மிஷினில் இருந்த முத்தாத்தாள்தான் முதலில் பார்த்தாள். இன்றைக்கு லீவு சொல்லியிருந்தாயே என்று கேட்டாள். வீட்டில் போய் என்ன பண்ணுவது என்று பூங்குழலி சொன்னாள். ஜாக்கெட்டுக்குள் ஒட்டியிருந்த பிளாஸ்திரி கையைத் தூக்கும்போதெல்லாம் இழுத்தது. குழந்தைகள் போடும் பனியனுக்குப் பக்கவாட்டுத் தையல் ஓட்டுகிற வேலை. அன்றைக்கு நானூறு உருப்படி ஓட்டினாள். சூப்பர்வைசர் கந்தவேல் பீஸை எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். தையலில் குறை ஏதும் இல்லை.

அவளுக்கு வயது நாற்பத்தொன்று. ஊர் மடத்துக்குளத்துக்குப் பக்கம். அப்பா கரும்பு வெட்டுக்குப் போனவர். பதினாறு வயதில் திருப்பூருக்கு வந்து, தைக்கிறவர்களுக்குத் துணியை மடித்துக் கொடுக்கும் கைமடியாகச் சேர்ந்து, இரண்டு வருஷத்தில் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு மூன்று கம்பெனி மாறியிருக்கிறாள், மிஷின் மாறவில்லை. புருஷன் கன்னையன் மங்கலத்தில் ஒரு தறிக்குடோனில் விசைத்தறி ஓட்டுகிறான். நல்லூர் லைன் வீட்டில் இருந்து மொபெட்டில் போய் வருவான். ஒரே பெண் தேவிப்பிரியா கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கி முதலாம் வருஷம் படிக்கிறாள். அந்த வீட்டிலிருந்து காலேஜுக்குப் போன முதல் ஆள் அவள்தான்.

பொங்கல் கழிந்து நாலு நாள் இருக்கும். குளிக்கும்போது வலது மார்பின் மேல்பக்கத்தில் கெட்டியாக ஒன்று கையில் தட்டியது. புளியங்கொட்டை அளவு. வலிக்கவில்லை. வலிக்காததால் விட்டுவிட்டாள். மாசிக் கடைசியில் கம்பெனிக்கு மருத்துவ முகாம் என்று வந்தார்கள். பெண்களை எல்லாம் திரைக்குப் பின்னால் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்த டாக்டரம்மா இவளிடம் வந்ததும் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்து, இந்த வாரமே கோயமுத்தூர் போகச் சொன்னார். அடுத்த வாரம் போனால் ஆகாதா என்று பூங்குழலி கேட்டாள். இந்த வாரம் ஷிப்மெண்ட் இருந்தது. டாக்டரம்மா சீட்டில் இந்த வாரம் என்று எழுதியிருந்ததற்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.

கோயமுத்தூரில் மார்பை இரண்டு தகட்டுக்கு நடுவில் வைத்து அழுத்திப் படம் எடுத்தார்கள். பிறகு ஸ்கேன். பிறகு மரத்துப்போக ஊசி போட்டு, தடித்த இன்னொரு ஊசியால் கட்டியிலிருந்து துணுக்கு எடுத்தார்கள். ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் டக்கென்று ஸ்டேப்ளர் அடிக்கிற சத்தம் வந்தது. ஐந்து முறை வந்தது. அவள் எண்ணினாள்.

ஒரு வாரம் கழித்துப் புற்றுநோய் டாக்டர் சசிகுமார் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். கன்னையன் அழுதான். மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, தோளைக் குலுக்கிக் குலுக்கி அழுதான். டாக்டர் அவனுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பூங்குழலி நர்ஸிடமிருந்து டம்ளரை வாங்கி அவனிடம் கொடுத்தாள். தனக்கு என்னவோ ஆகும், தலை சுற்றும், வாய் உலரும் என்று எதிர்பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. டாக்டரின் சட்டைப் பையில் இரண்டு பேனா இருந்தது, ஒன்றுக்கு மூடி இல்லை. சட்டையில் மை ஒட்டிவிடுமே என்று நினைத்தாள்.

மார்பில் இருப்பது புற்றுதான் என்று தெரிந்துவிட்டது, அது எங்கெங்கே போயிருக்கிறது என்று தெரியாமல் வைத்தியத்தைத் தொடங்க முடியாது என்றார் சசிகுமார். மார்பிலிருந்து கிளம்பினால் அது முதலில் போகிற இடம் கக்கத்தில் இருக்கும் நெறிகள், அதாவது நிணநீர் முடிச்சுகள்தான். அதைத் தாண்டினால் எலும்பு, நுரையீரல், ஈரல். கக்கத்தோடு நின்றிருந்தால் முழுசாகக் குணப்படுத்துகிற வழியில் போகலாம். தாண்டியிருந்தால் வழி வேறு. என்ன வேறு என்று கன்னையன் கேட்டான். ஆபரேஷனால் பலன் இருக்காது, மருந்தை வைத்து எத்தனை வருஷம் கட்டுக்குள் வைக்க முடியுமோ அப்படிப் போகவேண்டும் என்றார். அவர் சுற்றிவளைத்துப் பேசுகிற ஆள் இல்லை. பூங்குழலிக்கு அது பிடித்திருந்தது.

கக்கத்தில் ஊசி குத்தியது அதற்காகத்தான். ஸ்கேன் டாக்டர் மோனிஷா என்று ஒரு பெண். வயது முப்பத்தைந்துக்குள் இருக்கும். பசை தடவிய கருவியைக் கக்கத்தில் வைத்து உருட்டிக்கொண்டே, திரையில் கறுப்பாகத் தெரிந்த அவரைவிதை மாதிரி ஒன்றைக் காட்டினார். நல்ல நெறிக்கு ஓரம் மெல்லிசாக இருக்கும், இதற்குத் தடித்திருக்கிறது, அதனால் மெல்லிய ஊசியால் கொஞ்சம் உறிஞ்சிப் பார்க்கிறேன் என்றார். ஊசி போகிற வழி திரையில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. தன் உடம்புக்குள் ஊசி போவதைத் தானே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள் பூங்குழலி. யாருடைய உடம்போ மாதிரி இருந்தது. வலிக்குதா என்று மோனிஷா கேட்டார். இல்லீங்க என்றாள். வலித்தது. சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

நாலாம் நாள் முடிவு வந்தது. நெறியில் புற்று இருந்தது.

எலும்பு ஸ்கேனுக்கு அவள் தனியாகப் போனாள். அன்று குடோனில் கன்னையனுக்கு மாற்று ஆள் கிடைக்கவில்லை. கை நரம்பில் ஒரு மருந்தை ஏற்றி, மூன்று மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள்; நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி ஒன்றுக்குப் போய்வரச் சொன்னார்கள். பிறகு ஒரு பலகையில் படுக்கவைத்து உச்சி முதல் கால் வரை மெதுவாக நகர்த்திப் படம் எடுத்தார்கள். மருந்து உடம்பில் இருக்கும்வரை, அதாவது அன்று முழுக்க, கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பக்கத்தில் உட்கார வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பும்போது அவினாசியில் ஒரு பெண் ஆறு மாசக் குழந்தையோடு ஏறி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். குழந்தை பூங்குழலியின் சேலைத் தலைப்பைப் பிடித்தது. அவள் விரலை விடுவித்துவிட்டு எழுந்து, பின்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு திருப்பூர் வரை நின்றாள். அந்தப் பெண் இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். தன் குழந்தையைப் பிடிக்கவில்லை என்று நினைத்திருப்பாள்.

அடுத்த நாள் சி.டி. ஸ்கேனும் எடுத்தார்கள். அந்த வாரக் கடைசியில் இரண்டு பேரும் சசிகுமார் முன்னால் உட்கார்ந்தார்கள்.

நுரையீரலில் ஒன்றும் இல்லை, ஈரலிலும் இல்லை என்றார். கன்னையன் கையெடுத்துக் கும்பிட்டான். இருங்க என்றார் டாக்டர். எலும்புப் படத்தைத் திரையில் போட்டார். சாம்பல் நிறத்தில் ஒரு எலும்புக்கூடு நின்றது. அதன் இடது விலாவில், ஏழாவது எலும்பிலும் எட்டாவது எலும்பிலும், ஒன்றுக்குக் கீழே ஒன்றாக இரண்டு கறுப்புப் புள்ளிகள் இருந்தன.

புற்று எலும்புக்குப் போயிருந்தாலும் இப்படித் தெரியும், எலும்பு ஒடிந்து கூடிக்கொண்டு இருந்தாலும் இப்படித் தெரியும் என்றார். அடுத்தடுத்த இரண்டு விலாவில் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் ஏதோ அடி பட்ட மாதிரித்தான் தனக்குத் தோன்றுகிறது, சி.டி.யிலும் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை. பிறகு பூங்குழலியைப் பார்த்துக் கேட்டார்.

“இந்தப் பக்கம் எப்பவாவது அடி பட்டிருக்காம்மா? ஒரு வருஷம், ரெண்டு வருஷத்துக்குள்ள? கீழ விழுந்தது, வண்டியில இடிச்சது, அந்த மாதிரி?”

“இல்லீங்க சார். அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க.”

சொன்னது கன்னையன். அவள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டான். டாக்டர் கண்ணை எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

போன ஆடி. தேவிப்பிரியாவைக் கோயமுத்தூர் காலேஜில் சேர்த்துவிட்டு வந்த மூன்றாம் நாள். பெண் பிள்ளையை ஹாஸ்டலில் விடுவதைத் தன்னிடம் கேட்காமல் எப்படி முடிவு செய்தாய் என்று கன்னையன் குடித்துவிட்டு வந்து கேட்டான். கேட்டுத்தானே செய்தேன், நீங்கள் சரியென்றுதானே சொன்னீர்கள் என்றாள். அவள் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவன் காலால் உதைத்தான். ஒரே ஒரு உதைதான். அதற்கு முன்னாலும் கை நீட்டியிருக்கிறான். காலால் உதைத்தது அதுதான் முதல் தடவை. அவள் பக்கவாட்டில் சாய்ந்து, மூச்சு வராமல், வெங்காயச் சருகுகளைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மறுநாள் வேலைக்குப் போனாள். துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு தைத்தாள். இருமினால் குத்தும், சிரித்தால் குத்தும். என்ன ஆச்சு என்று முத்தாத்தாள் கேட்டபோது வாய்வுப் பிடிப்பு என்றாள். இரண்டு மாசத்தில் சரியாகிவிட்டது. டாக்டரிடம் போகவில்லை. அதன்பிறகு அவன் குடியைக் குறைத்தான். அந்த உதையைப் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. கொஞ்ச நாளில் அப்படி ஒன்று நடந்ததாகவே வீட்டில் இல்லை.

அடி பட்டதில்லை என்றால் இதை அப்படியே விட முடியாது என்றார் சசிகுமார். சி.டி.யில் பார்த்துக்கொண்டே அந்த விலா எலும்பிலிருந்து ஊசி வழியாகக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். அந்த முடிவு வந்த பிறகுதான் வைத்தியம் எந்த வழி என்று சொல்ல முடியும். அடுத்த புதன்கிழமைக்குத் தேதி கொடுத்தார்.

விழுந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் வரும்போதுதான் அது அவளுக்குத் தோன்றியது. பாத்ரூமில் வழுக்கியது என்றால் முடிந்தது. கன்னையனுக்கும் கெட்ட பெயர் இல்லை, ஊசியும் இல்லை. இவனும் அப்படிச் சொல்லியிருக்கலாமே, ஏன் ஒன்றுமே இல்லை என்றான் என்று யோசித்தாள். யோசனை அதற்கு மேல் போகவில்லை. குத்தினால் குத்திவிட்டுப் போகட்டும். ஏற்கனவே இரண்டு இடத்தில் குத்தியாகிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே டையிங் பட்டறைகளும் கல்யாண மண்டபங்களும் போய்க்கொண்டிருந்தன. பக்கத்தில் கன்னையன் அவளுடைய பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தான். நோய் வந்ததிலிருந்து அவன்தான் பையைத் தூக்குகிறான், அவன்தான் இளநீர் வாங்கித் தருகிறான், அவன்தான் சோறு வடிக்கிறான். லைன் வீட்டில் எல்லோரும் அவனை மெச்சினார்கள். இப்படி ஒரு ஆள் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று எதிர்வீட்டுப் பெண் அவள் காதுபடவே சொன்னாள். ஆமாங்க என்றாள் பூங்குழலி.

விலாவில் ஊசி குத்தப் போகிறார்கள் என்று கேட்டுத் தேவிப்பிரியா போனில் அழுதாள். லீவு போட்டுவிட்டு வருகிறேன் என்றாள். பரீட்சை இருக்கிறது, வேண்டாம் கண்ணு என்று பூங்குழலி சொல்லிவிட்டாள்.

புதன்கிழமை ஒரு நர்ஸ் சம்மதப் படிவத்தைக் கொண்டுவந்து, அதில் இருப்பதை வாசித்துக் காட்டினாள். விலாவுக்கு அடியில்தான் நுரையீரல் இருக்கிறது, நூற்றில் சில பேருக்கு ஊசி பட்டு நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்துவிடலாம், அப்படி ஆனால் குழாய் போட்டுக் காற்றை எடுக்க வேண்டிவரும், ரத்தம் கசியலாம். பூங்குழலி கையெழுத்துப் போட்டாள். அவளுடையதற்குக் கீழே, கூட வந்தவர் போட வேண்டிய இடம் இருந்தது. கன்னையன் படிவத்தை வாங்கிப் பார்த்தான். இதில் உயிருக்கு ஒன்றும் ஆகாதே என்று நர்ஸிடம் கேட்டான். ரொம்ப அபூர்வமாகத்தான் பிரச்சினை வரும் என்றாள் அவள். அவன் பேனாவை வாங்கினான்.

பூங்குழலி அவன் கையைப் பார்த்தாள். இப்போது சொல்வான் என்று நினைத்தாள். அந்த இரண்டு புள்ளி என்னவென்று இந்த ஆஸ்பத்திரியில் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவன் அவன். ஒரு வார்த்தை போதும். அவன் பெயரை எழுத்துக் கூட்டி மெதுவாக எழுதினான். க, ன், னை. கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்தான். தேதி போட வேண்டுமா என்று நர்ஸிடம் கேட்டு, தேதியையும் போட்டான். பிறகு பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவளிடம், “பயப்படாம போயிட்டு வா புள்ள” என்றான்.

அவளுக்குப் பயமில்லை. கோபமும் இல்லை. எதுவுமே இல்லை. நர்ஸ் பின்னால் நடந்து போனாள்.

உள்ளே குளிராக இருந்தது. அவளை வலது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடது கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்தார்கள். விலாவின்மேல் கோடு கோடாக ஏதோ ஒட்டினார்கள். பலகை வளையத்துக்குள் போய் வந்தது. மோனிஷா கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து, தோலின்மேல் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். மருந்து தடவினார். சில்லென்றிருந்தது. முதலில் மரத்துப்போக ஊசி, பிறகுதான் எலும்பு ஊசி, நான் சொல்லும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார்.

“டாக்டரம்மா,” என்றாள் பூங்குழலி. சுவரைப் பார்த்தபடிதான் படுத்திருந்தாள்.

“சொல்லுங்க.”

“அது உதைச்சதுங்க.”

மோனிஷாவின் கை நின்றது. ஊசியைத் தட்டில் வைக்கிற சத்தம் கேட்டது. சுற்றிக்கொண்டு வந்து அவள் முகத்துக்கு நேராகக் குனிந்தார்.

“எது?”

“நீங்க குத்தப் போற எடமுங்க. போன ஆடியில எங்கூட்டுக்காரரு உதைச்சாரு. ரெண்டு மாசம் மூச்சு உட்டாக் குத்துச்சுங்க. அப்பறஞ் செரியாயிருச்சு.”

பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். ஏன் அப்போது சொன்னாள் என்று பிற்பாடு தேவிப்பிரியா கேட்டபோதும் அவளால் பெரிய காரணம் எதையும் சொல்ல முடியவில்லை. தைரியம் வந்து சொல்லவில்லை. அவனைக் காட்டிக்கொடுக்கவும் சொல்லவில்லை. பொய் ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் யோசிக்க வேண்டும். யோசிக்க முடியவில்லை, அதனால் உள்ளதைச் சொன்னேன் என்றாள்.

மோனிஷா நர்ஸைக் கதவைச் சாத்தச் சொன்னார். ஆச்சரியம் எதுவும் காட்டவில்லை. எந்தத் தேதி இருக்கும், எந்தப் பக்கம், அப்போது எக்ஸ்ரே எடுத்தீர்களா, வீங்கியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்ப் படங்களைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார். போனில் சசிகுமாரைக் கூப்பிட்டுப் பேசினார். பூங்குழலி கையை மேலே தூக்கியபடியே படுத்திருந்தாள். இறக்கிக்கொள்ளலாம் என்று யாரும் சொல்லவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை.

திரும்பி வந்து, கையை அவரே பிடித்து இறக்கிவிட்டு உட்காரவைத்தார். இன்று விலாவை மட்டும் மெல்லிய துண்டு துண்டாக எடுத்த படங்களில் எலும்பு ஒடிந்த கோடும் அதைச் சுற்றிப் புது எலும்பு வளர்ந்திருப்பதும் தெரிகிறது, நீங்கள் சொல்வதோடு சரியாகப் பொருந்துகிறது என்றார். அதனால் இப்போது இதில் ஊசி வேண்டாம் என்று அவரும் சசிகுமாரும் முடிவு செய்திருந்தார்கள். புற்று கக்கத்தோடு நின்றிருப்பதாகவே எடுத்துக்கொண்டு முழு வைத்தியத்தையும் தொடங்கலாம். மூன்று மாசம் கழித்து மறுபடி படம் எடுத்துப் பார்ப்போம். அடி பட்டதாக இருந்தால் அது பாட்டுக்கு ஆறிக்கொண்டு வரும்.

செரிங்க என்றாள்.

“வீட்டுல நீங்க பயமில்லாம இருக்க முடியுமா?” என்று கேட்டார் மோனிஷா.

அவளை இப்படி இருபது வருஷத்தில் யாரும் கேட்டதில்லை. தெரியலீங்க என்றாள். மோனிஷா ஒரு காகிதத்தில் பெண்கள் உதவி எண்ணை எழுதிக் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் இதற்கென்று பேசுகிற ஆள் இருக்கிறார், எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்றார். அவள் காகிதத்தை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

வெளியே கன்னையன் எழுந்து வந்தான். அதற்குள் முடிந்ததா, ரொம்ப வலித்ததா என்று கேட்டான்.

“எடுக்கலீங்க.”

“ஏன்?”

“சொல்லிட்டனுங்க.”

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. என்ன சொன்னாய் என்று கேட்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தான். அவளுடைய பை அவன் மடியில் இருந்தது. எதிரே சுவரில் கை கழுவும் முறையைப் படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். அதையே பார்த்தான். தாழ்ந்த குரலில், “பைல்ல எழுதிட்டாங்களா?” என்று கேட்டான்.

“எழுதிட்டாங்க.”

அவள் கை நீட்டிப் பையை வாங்கிக்கொண்டாள்.

பஸ் கருமத்தம்பட்டி தாண்டும்போது அவன் அழுதான் போலிருந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவன் வழக்கம்போல அடுப்பைப் பற்றவைக்கப் போனான். அப்போது அவள் சொன்னாள்: வைத்தியம் முடிகிறவரை நீங்கள் மங்கலத்திலேயே குடோனில் தங்கிக்கொள்ளுங்கள், ஆஸ்பத்திரிக்கு முத்தாத்தாளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். கல்யாணமான நாளிலிருந்து அவனிடம் இதைச் செய்யுங்கள் என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. அவன் மறுப்பான், கத்துவான், காலில் விழுவான், ஏதோ ஒன்று நடக்கும் என்று நின்றுகொண்டிருந்தாள். அவன் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, சவரச் சாமான்களை ஒரு துணிக்கடைப் பையில் எடுத்துக்கொண்டு மொபெட்டைக் கிளப்பினான். எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் காரணம் விளங்கவில்லை. இந்த நேரத்தில் பொண்டாட்டியை விட்டுவிட்டுப் போய்விட்டானே என்று அவனைத் திட்டினாள். பூங்குழலி அதையும் திருத்தவில்லை.

அந்தச் சனிக்கிழமை தேவிப்பிரியா வந்தாள். அவளிடம் முழுவதையும் சொன்னாள். தேவிப்பிரியா, “எனக்காகத்தானுங்களாம்மா?” என்று கேட்டாள். ஹாஸ்டலை நினைத்துக் கேட்கிறாள். இல்லை சாமி, அவர் குடித்திருந்தார், அதனால்தான் என்றாள் பூங்குழலி. அந்தப் பதில் போதாது என்று அவளுக்கே தெரிந்தது.

மூன்று வாரத்துக்கு ஒரு முறையாக எட்டுத் தடவை மருந்து ஏற்றினார்கள். முத்தாத்தாள் ஒவ்வொரு முறையும் ஒரு நாள் ஷிப்டை விட்டுவிட்டுக் கூட வந்தாள். உட்காரும் இடத்தில் எல்லாம் தூங்கிவிடுவாள். பெயர் கூப்பிட்டால் மட்டும் பூங்குழலிக்கு முன்னால் எழுந்துவிடுவாள். இரண்டாம் முறைக்குப் பிறகு முடி கொட்டியது. ஐந்தாம் முறைக்குப் பிறகு விரல் நுனிகள் மரத்துப்போயின. டம்ளர் சூடா இல்லையா என்று உதட்டில் வைத்துத்தான் தெரியும். மூன்று மாசம் கழித்து எடுத்த படத்தில் விலாப் புள்ளிகள் இரண்டும் மங்கியிருந்தன. கக்கத்து நெறியும் சுருங்கியிருந்தது. நல்லா வருதும்மா என்றார் சசிகுமார். முத்தாத்தாள் அவரைக் கும்பிட்டாள். பூங்குழலியும் கும்பிட்டாள், அவள் கும்பிட்டதைப் பார்த்து.

ஐப்பசியில் ஆபரேஷன். வலது மார்பை எடுத்தார்கள், கக்கத்து நெறிகளையும் எடுத்தார்கள். பதினாலு நெறிகளில் ஒன்றில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதற்குப் பிறகு ஐந்து வாரம் கதிர்வீச்சு கொடுத்தார்கள். மாத்திரை ஒன்று பல வருஷத்துக்கு உண்டு. ஆறு மாசத்துக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும்.

தை பிறந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை கன்னையன் வந்தான். இடையில் அவன் வராமல் இல்லை. வாசல் வரை வந்து அரிசியோ பழமோ வைத்துவிட்டுப் போவான். ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடையில் நாள் முழுக்க நின்றானாம்; முத்தாத்தாள் பார்த்திருக்கிறாள். இளைத்திருந்தான். குடிப்பதில்லை என்று குடோன்காரர்கள் சொன்னார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றான்.

“வைத்தியந்தான் முடிஞ்சுதே, குழலு. நான் வந்துரட்டுமா?”

அவள் அவனைப் பார்த்தாள். இந்த ஒன்பது மாசமாக, எப்போதாவது ஒரு நாள் கோபம் வரும், இல்லை இரக்கமாவது வரும், வந்ததும் அதன்படி முடிவு எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தாள். இரண்டும் வரவில்லை. வராமலே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

“இப்ப வேண்டாமுங்க,” என்றாள்.

எப்போது என்று அவன் கேட்கவில்லை. தலையை ஆட்டினான். கொண்டுவந்திருந்த முருங்கைக்காய்க் கட்டை நிலையோரம் சாய்த்து வைத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போனான். சந்து முனையில் மொபெட் இரண்டு முறை உதைத்தும் கிளம்பவில்லை; தள்ளிக்கொண்டே போனான்.

அவள் முருங்கைக்காயை எடுத்து உள்ளே வைத்தாள். மணி ஒன்றரை ஆகியிருந்தது. பசித்தது. காலையில் வடித்த சோறு இருந்தது. போட்டுச் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.